ஆனைமலைக்குப் புதிதாகப் போகிறீர்களா? தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வண்டி எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் ஒரே பட்டியல்தான் இருக்கும். ஆழியாறு அணை, குரங்கு அருவி, ஒன்பதாவது வளைவில் ஒரு படம், கூழாங்கல் ஆற்றில் குளியல், மறுநாள் திரும்பல். போய்விட்டு வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்த வழியில் கண்ணில் படுகிற ஒவ்வொரு அணையும் ஓடையும் இன்னொன்றோடு சேர்ந்தது. எந்தத் தண்ணீர் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு ஏறினால், பார்ப்பதற்கும் நிறைய இருக்கும், எந்த ஆற்றில் எப்போது கால் வைக்கக் கூடாது என்பதும் புரியும். இரண்டாவது காரணத்துக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது: வரைபடத்தில் ஒரு அரை மணி நேரம்

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, மேடுபள்ளம் காட்டும் அமைப்புக்கு மாற்றுங்கள். கொங்கு நாட்டுக்கு வடமேற்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை. வெள்ளியங்கிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலையே இல்லாமல் திறந்து கிடப்பதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரங்களைப் போட்டு ஆட்டுகிற காற்று இந்த வழியாகத்தான் நுழைகிறது.

இப்போது ஆறுகளை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் கடைசியில் காவிரிக்குத்தான் போய்ச் சேருகின்றன. பவானி மட்டும் நீலகிரியில் பிறந்து அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். ‘நம்ம ஊர் ஆறெல்லாம் காவிரிக்கு’ என்று நாம் பழகியிருப்பது இதனால்தான்.

ஆனைமலைக்கு வந்தால் இந்தக் கணக்கு தப்பும். ஆழியாறு நம் பக்கமாக இறங்கினாலும், சமவெளிக்கு வந்ததும் மேற்கே திரும்பி, எல்லையோர மணக்கடவு தாண்டி, சித்தூர்ப் புழையாகிப் பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. திருமூர்த்தி மலைப் பக்கம் வருகிற பாலாறும் அதே வழிதான். வால்பாறைக்கு அந்தப் பக்கம் சோலையாறும் பரம்பிக்குளம் ஆறும் சாலக்குடி ஆற்றின் தலைப்பகுதி. நீராறு இடமலையாறு வழியாகப் பெரியாற்றுக்குப் போக வேண்டியது. இயல்பாகக் காவிரிக்கு வருவது மலையின் கிழக்கு ஓரத்து அமராவதி மட்டும்தான். பொள்ளாச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் ‘ஆழியாறு எங்கே போகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் காவிரி என்பார்கள்.

அப்படியானால் காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் எது? அதுதான் பி.ஏ.பி. என்று ஊரே சொல்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் தொடங்கியது. மேற்கே போக இருந்த தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பினார்கள். தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958 நவம்பர் முதலே நடைமுறையில் இருப்பதாக வைத்துக்கொள்ளப்பட்டது. அதன்படி ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீரைக் கேரளத்துக்கு விட வேண்டும். எல்லையோர விவசாயிகள் பேச்சில் இந்த எண் அடிக்கடி வரும், காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போகும் வழியை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பயணம் முழுக்க உதவும். நீராற்றிலிருந்து சுரங்கம் வழியே சோலையாறு அணை. அங்கிருந்து மின்நிலையம் வழியாகப் பரம்பிக்குளம். பரம்பிக்குளத்திலிருந்து இன்னொரு சுரங்கத்தில் தூணக்கடவு (பக்கத்திலிருக்கும் பெருவாரிப்பள்ளமும் இதோடு சேர்ந்தது). தூணக்கடவிலிருந்து மலையை விட்டிறங்கி சர்க்கார்பதி மின்நிலையம். அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஆழியாற்றுக்கு வரும். பெரும்பங்கு மலையடிவாரத்தை ஒட்டியே வளைந்து போகிற காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போகும்.

எப்போது போவது

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. கேரளத்திலிருந்து ஏறி வருகிற மேகம் வால்பாறைப் பக்கத்துச் சரிவில் முட்டிக் கொட்டிவிடும். வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சின்னக்கல்லாறு அதையும் மிஞ்சும், தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே மலையின் கிழக்குப் பக்கம், அமராவதி அணைக்கு மேலே சின்னாற்றில், 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அங்கே முள்மரமும் கள்ளியும், இங்கே அட்டையும் பாசியும். ஒரே மலைத்தொடர்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. அணைகளில் தண்ணீர் இருக்கும், அருவிகள் வற்றியிருக்காது, வழியும் தெரியும். ஜூலையில் போனால் பசுமை அள்ளும்தான், ஆனால் பல நாள் எதிரே பத்தடி கூடத் தெரியாது. மண் சரிந்து சாலை அடைபடுவதும் உண்டு. ஏப்ரலில் போனால் அணைகளில் சேறுதான் பார்ப்பீர்கள். காட்டுத்தீ பயத்தில் வனத்துறை சில வழிகளை மூடியும் வைத்திருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாளிதழின் கோவைப் பதிப்பில் அணைகளின் நீர்மட்டத்தைப் பாருங்கள். சோலையாறுக்கு முழு அளவு 160 அடி, பரம்பிக்குளத்துக்கு 72, ஆழியாறுக்கு 120, திருமூர்த்திக்கு 60, அமராவதிக்கு 90. சோலையாறு நிரம்பி, மழையும் தொடர்ந்தால் கீழே எல்லாமே நிரம்பப் போகிறது என்று பொருள். வானிலை அறிவிப்பை விட இந்தச் சின்னப் பட்டியலை நான் அதிகம் நம்புவேன்.

அனுமதி, சாமான்

இந்த மலையின் பெரும்பகுதி ஆனைமலை புலிகள் காப்பகம். வால்பாறைக்கு இப்போது இ-பாஸ் வேண்டும். அரசு இணையதளத்தில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை கொடுத்தால் கிடைத்துவிடும். ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலையும் மதுவையும் தேடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டால் பேச்சே இல்லை. டாப்சிலிப்பில் தங்குவதற்கும், வனத்துறை ஆட்களோடு காட்டுக்குள் நடப்பதற்கும் முன்பதிவு உண்டு. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சாமானில் மூன்றுதான் முக்கியம். மழைக்கோட்டு (குடை மலைக்காற்றுக்கு நிற்காது), பிடிமானமுள்ள ரப்பர் அடிச் செருப்பு அல்லது காலணி, அப்புறம் ஒரு பொட்டலம் கல்லுப்பு. அட்டை ஏறினால் பிய்த்து இழுக்காதீர்கள், காயம் புண்ணாகும். உப்பை வைத்தால் தானாக விழும். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் புகையிலையை நனைத்துக் காலில் தேய்த்துக்கொள்வதையும் பார்க்கலாம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆழியாறு தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

ஏற்றம்: ஆழியாறிலிருந்து அட்டகட்டி வரை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அரசுப் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. சொந்த வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் பேருந்தில் இடது பக்க ஜன்னலோரமோ வலது பக்கமோ எங்கே உட்கார்ந்தாலும் சரி, நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் காட்சி பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர்களுக்கு: ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே புகை வரும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. இந்தச் சாலையைப் போட்ட ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர். வண்டியை ஓரம் கட்டியதும் எல்லோரும் படம் எடுக்கத் திரும்புவார்கள். நீங்கள் முதலில் கீழே ஆழியாறு நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். அணைக்கு அப்பால் வடக்கே தென்னந்தோப்பு விரிந்து கிடக்கும். இடது பக்கம், மேற்கே மங்கலாகத் தெரிவதுதான் கணவாய் வாசல். ஆழியாற்றின் தண்ணீர் இயல்பாகப் போகும் வழி அது. வரைபடத்தில் விரலால் தொட்டது இங்கே கண்ணெதிரே இருக்கும். பாறை விளிம்பில் வரையாடு நின்றாலும் நிற்கும், தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தீனி போடாதீர்கள். கேரட் நீட்டிப் பழக்கியதில் சில ஆடுகள் வண்டிச் சத்தம் கேட்டாலே சாலைக்கு வந்துவிடுகின்றன, வளைவில் வருகிற லாரிக்கு அது தெரியாது.

அட்டகட்டியை நெருங்கும்போது காடம்பாறைக்குப் பிரியும் சாலை வரும். அங்கே மலைக்குள் குடைந்து வைத்திருக்கும் நீர்மின் நிலையம் 400 மெகாவாட். பார்க்க விடமாட்டார்கள், ஆனால் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மின்தேவை அதிகமான நேரத்தில் மேலே காடம்பாறை அணையிலிருந்து மேல் ஆழியாறுக்குத் தண்ணீரை விட்டு மின்சாரம் எடுப்பார்கள். தேவை குறைந்த நேரத்தில் அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். மேல் ஆழியாறிலிருந்து நவமலை மின்நிலையம் வழியாகத் தண்ணீர் ஆழியாறு அணைக்கு இறங்கும். ஆக, இந்த மலையில் மழையே இல்லாமலும் நீர்மட்டம் ஏறும், இறங்கும். ‘வானம் வெறிச்சுன்னு இருக்கே’ என்று மின்நிலையத்துக்குக் கீழே ஆற்றில் இறங்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

வால்பாறையில்: தேயிலைக்கு நடுவே தண்ணீரைத் தேடுவது

கவர்க்கல் தாண்டும்போது மூடுபனி இருந்தால் விளக்கைப் போட்டு மெதுவாகப் போங்கள். அதற்கப்புறம் தேயிலை ஆரம்பித்துவிடும். சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிற இந்த மேட்டுநிலம் ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடு. இப்போது தேயிலைக்கு நடுவே பள்ளத்தாக்குகளில் துண்டு துண்டாகக் காடு நிற்கிறது. அந்தத் துண்டு இருக்கிற இடத்தில் பெரும்பாலும் ஓர் ஓடை இருக்கும். சிங்கவால் குரங்கும் இருவாச்சிப் பறவையும் இந்தத் துண்டுகளில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்திலேயே சிங்கவால் குரங்குக் கூட்டத்தைப் பார்க்கலாம். வண்டிக்குள் இருந்தே பாருங்கள், போதும்.

ஓடையை ஒட்டிய காடுதான் யானைக்கும் நடைபாதை. பகலில் அங்கே ஒதுங்கிவிட்டு, சாயங்காலம் தேயிலையைக் கடக்கும். வால்பாறையில் சில சந்திப்புகளில் உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருப்பதைக் கவனித்திருக்கலாம். அது மினுங்கினால் அக்கம்பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். உள்ளூர்க்காரர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வரும். விளக்கு எரியும்போது இருசக்கர வண்டியில் ‘ஒரு ரவுண்டு’ போகிற ஆசையை விட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் நடக்கவும் வேண்டாம், சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர். எஸ்டேட் ஆட்களே கூட்டமாகத்தான் போவார்கள்.

வால்பாறையிலிருந்து சோலையாறு அணைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். 105 மீட்டர் உயரமுள்ள இந்த அணையின் முன்னால் நின்று, இந்தத் தண்ணீரில் ஒரு பங்கு பெரியாற்றுப் பக்கத்திலிருந்து சுரங்கத்தில் வந்தது என்று நினைத்துப் பார்க்கலாம். இந்தச் சாலை அப்படியே மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி அருவிக்குப் போகும். சோலையாற்றில் கேரளத்தின் பங்காக விடுகிற தண்ணீரும் அதே பக்கம்தான் போகிறது. சோதனைச்சாவடிகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு, பிற்பகலில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையிலேயே கிளம்புங்கள்.

ஆற்றில் இறங்குவதற்கு முன்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வால்பாறை ஆறுகளில் வெளியூர் இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்தி ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறது. பெரும்பாலும் முழங்கால் அளவு தண்ணீரில்தான் இறங்கியிருப்பார்கள்.

மலையாற்றின் அடி சமமாக இருக்காது. உருண்டைக் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று சுழன்று மணலைத் தோண்டி, ஆளை முழுங்கும் குழி செய்து வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அங்கே தண்ணீர் அசையாமல், கொஞ்சம் கறுத்துத் தெரியும். வேகமாக ஓடுகிற இடத்தை எல்லோரும் தவிர்ப்பார்கள். இந்த அமைதியான கறுப்பு இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லின் மேல் பச்சையாகவோ காப்பி நிறமாகவோ வழவழவென்று படிந்திருக்கும் பாசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கரையில் உட்கார்ந்து கால் நனைப்பது என்றாலும், முதலில் தண்ணீர் விளிம்பில் இருக்கிற ஒரு கல்லைக் குறித்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைப் பாருங்கள். கல்லின் நனைந்த கோடு ஏறியிருந்தால், தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கினால், காய்ந்த இலையும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், ஓடும் சத்தம் கனத்தால், செருப்பைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். அங்கே வெயில் அடித்துக்கொண்டே இருக்கலாம். மேலே புல்மலையில் கொட்டிய மழை கீழே வந்து சேர அதிக நேரம் ஆகாது. ஆற்றின் நடுவே இருக்கிற பாறையில் ஏறி உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தண்ணீர் ஏறினால் முதலில் அறுந்து போவது கரைக்கு வருகிற வழிதான். எஸ்டேட்காரர் யாராவது ‘இங்க இறங்காதீங்க சாமி’ என்று சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

சோலையும் புல்லும்

அந்தப் புல்மலை என்ன என்று கேட்டால், அக்காமலைப் பக்கத்து உயர்ந்த மேடுகள்தான். தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, புதிதாகப் போகிறவர்களுக்குக் கிடைப்பதும் அரிது. கிடைக்காவிட்டால் குறையில்லை. நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனையில் வானம் திறந்திருந்தால், மலைமுகட்டில் வெளுத்த புல், மடிப்புகளில் மட்டும் கறுத்த சோலை என்கிற அமைப்பைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். அந்தப் பக்கம்தான் 2,695 மீட்டர் ஆனைமுடியும். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் அது, இருப்பது கேரளத்தில்.

சோலைக்குள் மரங்கள் குட்டையாக இருக்கும், கிளையெல்லாம் பாசி. மழை நின்றுபோன பிறகும் சொட்டுச் சத்தம் நிற்காது, மேகம் உரசிப் போகும்போதே இலையும் பாசியும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். தரையில் கையை வைத்தால் மண் தெரியாது, மக்கிய இலைதான் விரல் ஆழத்துக்கு. புல்வெளியிலும் அப்படித்தான்: ஒவ்வொரு புல் தூரும் காய்ந்த பழைய புல்லைத் தன் அடியிலேயே மக்கவைத்துக் கறுப்பு மண் சேர்த்து வைத்திருக்கிறது. பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால்தான் மார்ச் மாதத்திலும் நீராற்றில் தண்ணீர் ஓடுகிறது. மழை அளவை மீறிக் கொட்டும் நாளில் இந்த மண்ணும் தாங்காது. அப்போது கீழே வருவதுதான் மேலே சொன்ன வெள்ளம்.

டாப்சிலிப், பரம்பிக்குளம்

இது தனிப் பயணம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச்சாவடி வழியாகப் போக வேண்டும். வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சறுக்கிக் கீழே விட்ட இடம் என்பதால் டாப்சிலிப் என்று பெயர். பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான். அணை நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத் துறையினர். 17.82 டி.எம்.சி. பிடிக்கிற இதுதான் திட்டத்தின் பெரிய அணை. 2022 செப்டம்பரில் இதன் மூன்று ஷட்டர்களில் ஒன்று உடைந்து போய், நாள் கணக்கில் தண்ணீர் சாலக்குடி ஆற்றுக்குப் போனது. திருப்பி வைத்த தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்று அப்போது விவசாயிகள் வயிறெரிந்தார்கள்.

இங்கே காடர், மலசர், மலைமலசர் குடியிருப்புகள் இருக்கின்றன. வழிகாட்டியாக வருகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. காட்டில் தண்ணீர் எங்கே இருக்கும், எந்தத் தடம் புதிது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நடப்பதுதான் இந்தப் பயணத்தின் பலன். வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கடைசி மடை: திருமூர்த்தி மலை, அமராவதி

மலையைப் பார்த்துவிட்டு நேரே வீடு திரும்பாமல் உடுமலை வழியாக வாருங்கள். திருமூர்த்தி அணைக்கு உடுமலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். காண்டூர் கால்வாய் கொண்டுவருகிற தண்ணீர் இங்கேதான் சேர்ந்து, பரம்பிக்குளம் பிரதான கால்வாயில் 3.77 லட்சம் ஏக்கருக்குப் பிரிகிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தர முடியாது என்பதால் ஆயக்கட்டை (பாசனம் பெறும் நிலத்தை) நான்கு மண்டலமாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுகிறார்கள். ‘எங்க மண்டலத்துக்கு எப்பங்க தண்ணி?’ என்பது உடுமலை, தாராபுரம், காங்கேயம் டீக்கடைகளில் நிரந்தரமான கேள்வி. கூடவே, இன்னும் கொஞ்சம் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்புவதற்கான ஆனைமலையாறு நல்லாறு திட்டம் எப்போது வரும் என்பதும்.

அமணலிங்கேஸ்வரர் கோயிலுக்கு மேலே பஞ்சலிங்க அருவி. மலையில் மழை என்றால் அடைத்துவிடுவார்கள். கோயிலையே வெள்ளம் சூழ்ந்துகொள்கிற ஆறு அது, கம்பித் தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள். நேரம் இருந்தால் அங்கிருந்து அமராவதி அணை. தேனாறு, பாம்பாறு, சின்னாறு மூன்றும் கூடி வருகிற தண்ணீர் இது. நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன, பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் உண்டு. கரையோரம் இறங்கிக் கை கழுவுவதற்குப் பதிலாகக் குழாயைத் தேடுங்கள். அங்கிருந்து உடுமலைக்குப் பேருந்து கிடைக்கும். கடைசிப் பேருந்து நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.